கொலுவில் ஒரு கிராசிங்

என் அப்பாவிடம் மூன்று ரயில் எஞ்சின்கள் இருந்தன. மூன்றும் சேர்ந்து ஒரு செருப்புப் பெட்டியில் அடங்கிவிடும். ஒன்று கறுப்பு நிறச் சின்ன எஞ்சின். இரண்டாவது பச்சை, பின்னால் கரிவண்டியோடு. மூன்றாவது நீல நிற டீசல். பொன்மலையில் குடியிருந்த ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் எழுபதுகளின் நடுவில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். கூட எடுத்துப்போக முடியாதவற்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். ஒருவருக்குப் பியானோ, ஒருவருக்கு நாய். அப்பாவுக்கு இந்த எஞ்சின்களும், எட்டுப் பெட்டிகளும், ஒரு சாக்கு நிறையத் தண்டவாளமும், ஒரு டிரான்ஸ்பார்மரும் வந்தன.

அப்பா ரயில்வேயில் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் ஓர் அறைக்குள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகளை எந்த ஸ்டேஷனில் கிராஸ் செய்ய வைப்பது என்று முடிவு செய்வது அவர் வேலை. ஒரு வண்டி லூப் லைனில் ஒதுங்கி நிற்கும். மற்றது மெயின் லைனில் கடந்து போகும். இப்படி முப்பது வருஷம். தான் ஏற்பாடு செய்த ஒரு கிராசிங்கையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. சாக்கில் வந்த தண்டவாளத்தைப் பலகையில் பதித்தபோது நீள்வட்டமாகப் போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக லூப் லைனோடு இரண்டு ஸ்டேஷன்கள் வைத்தார். ஒரு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சைடிங், அதாவது வண்டியை ஓரங்கட்டி நிறுத்த ஒரு குட்டை லைன்.

ஆனால் கிராசிங் மட்டும் நடக்கவில்லை. அந்தக் கால பொம்மை ரயிலில் தண்டவாளத்தில் போகும் மின்சாரம்தான் வேகம், அதுதான் திசை. இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் ஒரே பக்கம் ஓடும். லைன் பிரியும் இடத்தில் இருக்கும் பாயிண்டைத் திருப்பினால் லூப்புக்கு மின்சாரம் நின்றுபோகும், அங்கே இருக்கும் எஞ்சினும் நின்றுவிடும். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை ஓட்டலாமே தவிர, இரண்டும் எதிரெதிரே வந்து சேர வழியில்லை. வருஷத்தில் பதினோரு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்த பலகை, நவராத்திரிக்கு வெளியே வந்து கொலுப்படிகளுக்கு முன்னால் உட்காரும். ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் எங்கள் அகத்துக் கொலுவுக்கு ரயில் கொலு என்று பெயர். ஒரு சமயத்தில் ஒரே ஒரு ரயில்தான் ஓடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் என் மனைவியின் அண்ணா பர்மிங்காமிலிருந்து லீவில் வந்தார். அப்பாவுக்கென்று ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே பெரிய கால்குலேட்டர் போல எண் பொத்தான்கள் வைத்த ஒரு சாதனமும், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு இரண்டு சர்க்யூட் பலகைகளும், பன்னிரண்டு பக்கக் கையேடும் இருந்தன. அங்கே இப்போது இதுதான் புதிசு என்றார். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். கட்டளைகள் எண்களாக அதோடு சேர்ந்து போகும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு பலகை வைத்துவிட்டால், அது தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு இதை இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நம்ம கண்ட்ரோல் போன் மாதிரிதானே. லைன் ஒண்ணுதான், அதுல முப்பது ஸ்டேஷன் தொங்கிண்டிருக்கும். நான் எந்த நம்பரைச் சுத்தறேனோ அந்த ஸ்டேஷன்ல மட்டும் மணி அடிக்கும்."

"அதேதான் மாமா," என்றார் மைத்துனர். "ஆனா எஞ்சினைப் பிரிக்கணும். உள்ள கொஞ்சம் வெட்டணும்."

"வெட்டறதா?"

கையேட்டை அப்பா இரண்டு முறை படித்தார். அட்டைப்பெட்டியை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பெட்டி ஒரு மாதம் அங்கேயே இருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம். என் மனைவி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஒரு வருஷம் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவள். கல்யாணத்தோடு அது நின்றது. நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. திருச்சியில் அதே வேலை தேடித் தரவும் யாரும் முயலவில்லை.

ஆவணியில் அவளோடு படித்த தோழி ஒருத்தி வந்தாள். மேலப்புதூர்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம். அவள் அண்ணன் துவாக்குடியில் மின்சாரப் பேனல்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலை ஆரம்பித்திருந்தார். நான் மாலை நாலு மணிக்குத்தான் பத்திரிகை ஆபீசுக்குப் போவேன் என்பதால் அந்தப் பேச்சு நடந்தபோது வீட்டில் இருந்தேன்.

"சர்க்யூட் கார்டு டெஸ்ட் பண்ண ஆள் வேணும்டி. உன் பேர சொல்லியிருக்கேன். தீபாவளி வரைக்கும் அந்த சீட்ட காலியா வச்சிருப்பார். அதுக்கு மேல அவரால முடியாது."

"ஆத்துல கேக்கணும்."

"கேளேன். கேட்டா கடிச்சா வச்சிடுவாங்க?"

முதலில் என்னைக் கேட்டாள். எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிடு என்றும் சேர்த்துக்கொண்டேன். அடுத்தவர் எழுதியதில் முதல் வாக்கியத்தை இரண்டாவது வாக்கியம் ரத்து செய்கிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். என் பேச்சில் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கேட்டாள்.

"துவாக்குடியா?" என்றார் அப்பா. "இங்கேருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ். அங்கேருந்து ஒரு பஸ். ஒண்ணேகால் மணி ஆகும்."

"சாயங்காலம் விளக்கேத்தறதுக்குள்ள வந்துட முடியுமோ?" என்று அம்மா ரசம் சாதித்துக்கொண்டே கேட்டாள்.

"பாக்கலாம்," என்றார் அப்பா.

அப்பா எதற்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாக்கலாம் என்பார். அப்படிச் சொன்ன விஷயம் அவுட்டர் சிக்னலில் நிற்கும் வண்டி மாதிரி. யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே விடவும் இல்லை. என் மேல்படிப்பு அப்படித்தான் நின்றது. மனைவிக்கும் இரண்டு வருஷத்தில் இது தெரிந்திருந்தது.

கையலம்ப எழுந்த அப்பா நின்று, "ரெண்டு வருஷமா சால்டரிங் அயர்னைத் தொடலையேம்மா. கை மறந்திருக்காதோ?" என்றார்.

"மறந்திருக்கான்னு பாக்கணும்னா ஏதாவது ஒண்ணு குடுங்கோ மாமா," என்றாள் அவள். பார்வை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

அப்பா கையலம்பிவிட்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். நிபந்தனைகள் சொன்னார். முதலில் கறுப்பு எஞ்சின். அது கெட்டால் பச்சையைத் தொடக்கூடாது. கழற்றும் ஒவ்வொரு திருகையும் ஒரு தாளில் எண் போட்டு அந்த எண்ணின்மேல் வைக்க வேண்டும். தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார்.

தாள் என் பத்திரிகைதான். முதல் பக்கத்தில் பென்சிலால் ஒன்று முதல் பதினான்கு வரை வட்டங்கள் போட்டு, அவற்றில் திருகுகளும் அச்சுகளும் உட்கார்ந்தன. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் அவளுடைய சால்டரிங் அயர்ன் கல்யாணச் சீரோடு வந்த டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், துணி சுற்றி இருந்தது. கொண்டுவந்ததை எனக்குக்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

வேலையின் சாரம் எளிமையானது. பழைய எஞ்சினில் தண்டவாளத்து மின்சாரம் நேரே மோட்டாருக்குப் போகும். ஒரு பக்கம் கம்பி வழியாக, மறுபக்கம் எஞ்சினின் இரும்பு உடல் வழியாக. இரண்டையும் துண்டித்து, மோட்டாரைத் தனியாக்கி, நடுவில் பலகையை வைக்க வேண்டும். இரும்பு உடலோடு எங்காவது ஓர் இழை ஒட்டியிருந்தாலும் பலகை கருகிவிடும். இரண்டு பலகைகள்தான் இருந்தன. மூன்றாவது வேண்டுமென்றால் பர்மிங்காமுக்கு எழுத வேண்டும்.

மோட்டாரின் கார்பன் பிரஷ்களை அழுத்தும் ஸ்பிரிங்குக்கு இரண்டு கைகள். ஒரு கைக்கு மட்டும் உறை இருந்தது. மற்றதற்கும் உறை மாட்டினால் மோட்டார் இரும்பைத் தொடாது. அவ்வளவு மெல்லிய உறை சிங்காரத்தோப்புக் கடைகளில் கிடைக்கவில்லை. அப்பா உள்ளே போய், ஓய்வு பெற்றபோது ஞாபகத்துக்காகக் கேட்டு வாங்கிவந்த பழைய ஹெட்போனை எடுத்துவந்தார். அதன் ஒயர் உறையைக் காட்டி, "இது ஆகுமா பாரு," என்றார். ஆனது.

முதல் ஓட்டத்தில் கறுப்பு எஞ்சின் சொன்னபடி கேட்கவில்லை. வெட்டி வெட்டி நகர்ந்தது. அப்பா ரயில் பலகையின் ஓரத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார், விழுந்தால் பிடிக்க. அவள் அதை மறுபடி பிரித்து, மோட்டாரோடு ஒட்டியிருந்த ஒரு சின்ன கண்டென்ஸரை வெட்டி எடுத்தாள். வானொலியில் இரைச்சல் வராமல் இருக்க வைத்தது அது. புதிய முறையில் கட்டளையைக் கலைக்கும். கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்க்காமல் விட்டது தன் தப்பு என்றாள். அடுத்த முறை ஒன்று என்ற பொத்தானை அழுத்தியதும் கறுப்பு எஞ்சின் நத்தை வேகத்தில் கிளம்பி, ஸ்டேஷனில் நின்று, பின்னால் போயிற்று.

பச்சைக்குள் ஒரு பித்தளைத் தகட்டை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினால் பழையபடி ஆக்க முடியாது. அப்பா அதை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அவன் அப்பா காலத்து எஞ்சின்," என்றார். அவன் என்றது ஆஸ்திரேலியா போன நண்பரை.

"வேண்டாம்னா வச்சுடறேன் மாமா. ஒண்ணு ஓடறதே போதும்."

"ஒண்ணை வச்சுண்டு என்ன கிராசிங்? வெட்டு."

வெட்டினாள். அதன்பின் இரண்டு நாள், பாயிண்டுகளுக்கு அடியில் சின்னச் சின்னக் கம்பிகளை ஈயம் வைத்து இணைத்தாள். பாயிண்ட் எந்தப் பக்கம் இருந்தாலும் எல்லா லைனிலும் மின்சாரம் இருக்க வேண்டும் என்பது கையேட்டின் விதி. அந்த இரண்டு நாளும் அப்பா ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தார்.

கொலு வைத்தோம். ஏழு படி. அம்மாவுக்குக் கொலு சம்பந்தமாகச் சட்டங்கள் உண்டு. வைத்த பொம்மையை விஜயதசமி வரை எடுக்கப்படாது என்பது முதல் சட்டம். ரயில் பலகையைச் சுற்றி மண் பரப்பி விதைத்த கடுகு முளைத்திருந்தது. அதற்கு என் மனைவி தண்ணீர் தெளிக்க விடவில்லை. ஸ்பூனால் வேரில் விடச் சொன்னாள். அம்மா அதைச் சட்டத்திருத்தமாக ஏற்றுக்கொண்டாள்.

முதல் கிராசிங்கை நான் பார்த்தது ஆபீஸ் கிளம்புவதற்கு முன், மத்தியானம் மூன்று மணிக்கு. பொத்தான் அப்பா கையில். பாயிண்டுகள் அவள் கையில். ஓர் எண்ணை அழுத்தி வேகம் கொடுத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனால், முதல் எஞ்சின் சொன்ன வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். ஒன்றாம் எண் கறுப்பும் இரண்டாம் எண் பச்சையும் எதிரெதிர்த் திசையில் வந்தன.

"ரெண்டு லூப்ல வாங்கிக்கோ," என்றார் அப்பா. அவள் பாயிண்டைத் தள்ளினாள். பச்சை லூப்பில் நுழைந்து நின்றது. "மெயினுக்கு மாத்து. ஒண்ணு வரட்டும்." கறுப்பு எஞ்சின் மூன்று பெட்டிகளோடு அதைத் தாண்டிப் போனது. கடைசிப் பெட்டி கடந்ததும் அப்பா, "கிளியர்," என்றார். குரல் ஆபீஸ் குரல். நான் சின்ன வயதில் ஒரே ஒரு தடவை அவர் அறைக்கு வெளியே நின்று கேட்டது.

அந்த ஒரு வாரம் வீதியில் பாதிப்பேர் வந்தார்கள். எதிர் அகத்து மாமா, "மாட்டுப்பொண்ணை ரிப்பேருக்கு அனுப்பறதானா சொல்லும் ஓய், எங்காத்து ரேடியோ ரெண்டு மாசமா ஊமை," என்றார். "ரேடியோவுக்கெல்லாம் வரமாட்டா. இவ லோகோ ஷெட்," என்றார் அப்பா. இதை எல்லோரிடமும் சொன்னார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. சரஸ்வதி பூஜையன்று தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு கொலு பார்க்க வருவதாகத் தோழி சொல்லியிருந்தாள். அன்றைக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்பது அப்பாவுக்கும் அவளுக்கும் எனக்கும் தெரியும்.

சரஸ்வதி பூஜையன்று எங்கள் அகத்தில் ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் புத்தகங்களையும் கருவிகளையும் வைப்போம். மறுநாள் காலை புனர்பூஜை ஆகும்வரை அவற்றைத் தொடக்கூடாது. அந்த வருஷம் என் பேனா, அம்மாவின் கத்தரிக்கோல், அரிவாள்மணை, அப்பாவின் பழைய ரயில்வே டைம்டேபிள், இவற்றோடு மனைவியின் சால்டரிங் அயர்ன், குறடு, திருப்புளி, மீட்டர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. ரயில் ஓடலாமா என்று ஒரு கேள்வி வந்தது.

"ஆயுத பூஜைக்கு எந்த ரயில் நின்னிருக்கு?" என்றார் அப்பா. அம்மா ஒப்புக்கொண்டாள்.

பத்திரிகைக்கு அன்று விடுமுறை. சாயங்காலம் தோழியும் அவள் அண்ணனும் வந்தபோது நானும் இருந்தேன். அண்ணன் என் வயதுக்காரர், குறைவாகப் பேசுகிறவர். கூடத்தில் உட்கார்த்தி அம்மா சுண்டல் கொடுத்தாள். அப்பா சாதனத்தின் முன் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார்.

இரண்டு எஞ்சின்களும் ஓர் அங்குலம் நகர்ந்து நின்றன. சாதனத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை நகரக்கூட இல்லை.

"பச்சைலதான் ஏதோ ஒட்டறது. என் ஜாயின்ட்டா இருக்கும்," என்றாள் மனைவி.

"அயர்ன் எங்கங்க இருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

எல்லோரும் ஹயக்ரீவர் பக்கம் திரும்பினோம். அயர்னின் மரக் கைப்பிடியில் பொட்டு காய்ந்திருந்தது.

"நாளைக்குக் கார்த்தால எடுத்துக்கலாம்," என்றாள் அம்மா, மன்னிப்புக் கேட்கிற குரலில். ஆனால் அம்மா எழுந்து வழிவிடவில்லை.

"பரவால்லைங்கம்மா," என்றாள் தோழி. "எங்க ஃபேக்டரிலயும் மிஷினுக்கெல்லாம் பொட்டு வச்சாச்சு. அண்ணன்தான் தேங்கா உடைச்சார். நாளைக்கு வரைக்கும் ஒரு ஸ்பேனர தொட விடமாட்டாங்க."

மனைவி ரயில் பலகைக்கு முன்னால் மண்டியிட்டாள். திருப்புளி இல்லை, மீட்டர் இல்லை. பிரித்துப் பார்க்க வழியில்லை. பச்சை எஞ்சினைக் கையில் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கறுப்பையும் எடுத்தாள். இரண்டையும் தரையில் வைத்துவிட்டு, "மாமா, இப்ப போடுங்கோ. யாரும் பேசாதீங்கோ," என்றாள்.

தண்டவாளத்தில் அவளுடைய எஞ்சின் எதுவும் இல்லை. அப்படியும் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிவதற்கு முன் ஒரு கணம், தீப்பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல ஓர் ஓசை கேட்டது. அது செட்டியார் பொம்மைக்குப் பின்னாலிருந்து வந்தது.

செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் பின்னால், சைடிங்கில், நெற்றியில் குங்குமத்தோடு நீல டீசல் நின்றுகொண்டிருந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது எப்ப வந்தது மாமா?"

"கார்த்தால. ரெண்டு எஞ்சினுக்கும் பொட்டு வச்சேன். இதுவும் எஞ்சின்தானே, பாவம். பூஜைல இருக்கட்டும்னு வச்சேன்." அப்பா பாயிண்டைக் காட்டினார். "மெயினுக்குத்தானே போட்டிருக்கு? சைடிங்குக்குக் கரண்ட் போகாதே?"

"முன்னெல்லாம் போகாது மாமா. இப்ப பாயிண்ட் எப்படி இருந்தாலும் எல்லா லைன்லயும் கரண்ட் இருக்கும். நான் கீழ கம்பி குடுத்திருக்கேன். இதுக்குள்ள பலகை கிடையாது. நேரா மோட்டாருக்குப் போய் எரியறது."

அப்பா சில விநாடி பாயிண்டையே பார்த்தார். பாயிண்ட் எதிர்ப்பக்கம் இருந்தால் சைடிங்கில் நிற்கும் வண்டிக்கு ஆபத்தில்லை என்பது அவர் முப்பது வருஷம் நம்பிய விஷயம். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இவ ஜாயின்ட்ல ஒரு தப்பும் இல்லை. லைனை விசாரிக்காம வண்டிய வச்சது நான்."

என் அப்பா தன் தப்பை இன்னொருவர் முன் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அலுவல் முறையில், அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார்.

"அதை எடுத்துட்டா சரியாயிடும்ல?" என்றாள் தோழி.

"எடுக்கப்படாது," என்றாள் அம்மா. "ஓடற எஞ்சின் வேற. இது கொலுல வச்சாச்சு, பூஜையும் ஆயாச்சு."

மனைவி, "எடுக்க வேண்டாம். ஒரு பக்கத்துச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடாம இருந்தா போதும். தடிமனா ஒரு காகிதம் வேணும்," என்றாள். அலமாரியில் ஒரு பழைய போஸ்ட்கார்டு இருந்தது. கத்தரிக்கோலும் பூஜையில் இருந்ததால் நகத்தால் மடிப்புக் கீறி, நீளவாட்டில் கிழித்துக் கொடுத்தேன். அப்பா டீசலை ஒரு பக்கமாகச் சாய்க்கப் போய், அம்மாவைப் பார்த்தார்.

"எடுக்கலை. சாய்க்கறேன்."

அம்மா யோசித்தாள். "பெருமாள் புறப்பாடு ஏள்றச்சே தூக்கறவா தோள்ல சாயறார். சாய்க்கலாம்."

போஸ்ட்கார்டுத் துண்டு சக்கரங்களுக்கு அடியில் போயிற்று. அவள் தன் எஞ்சின்களை ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் வைத்தாள். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரியவில்லை. அப்பா இரண்டை லூப்பில் வாங்கினார், ஒன்றை மெயினில் விட்டார். கிராசிங் நடந்தது. எதிர்ப்பக்க ஸ்டேஷனில் இன்னொன்று. அண்ணன் சுண்டலை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கன்னம் பலகையில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தார்.

"அயர்ன் கைல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார்.

"பச்சையைப் பிரிச்சிருப்பேன். நல்லா இருக்கற ஜாயின்ட்டைக் கலைச்சிருப்பேன்," என்றாள் அவள்.

அவர் சிரித்தார். வந்ததிலிருந்து முதல் தடவை. "எங்க பசங்களும் அதத்தாங்க பண்றாங்க. தினமும்."

கிளம்பும்போது தோழி அப்பாவிடம் நேராகவே கேட்டாள். "என்னங்கப்பா, இவள அனுப்புவீங்கதானே?"

"எத்தனை மணிக்கு ஆரம்பிக்கறேள்?" என்று அப்பா அண்ணனைக் கேட்டார்.

"எட்டரைங்க. அஞ்சு மணிக்கு விட்ருவோம்."

"பாக்கலாம்," என்றார் அப்பா.

வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு மனைவி உள்ளே போனாள். சுண்டல் கிண்ணங்களை அலம்பும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "இந்தத் தடவை நானே சொல்றேன்," என்றேன். "சொல்லுங்கோ," என்றாள், திரும்பாமல்.

மறுநாள் புனர்பூஜை முடிந்து, அம்மா கருவிகளை அவளிடம் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவிடம் பேசலாம் என்று நான் தேடியபோது அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு லீவு நாள், கணக்குக்கு ஒத்துவராது. நாளைலேருந்துதான் போகணும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றி வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த மூன்று நாளும் காலை ஏழு மணிக்குக் காபி குடித்துவிட்டு வெளியே போனார். ஒன்பது மணிக்கு வந்தார். மூன்றாம் நாள், நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, மடித்த தாள் ஒன்றை மனைவியின் முன் வைத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நாலு பத்திகள். முதல் பத்தியில், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துவாக்குடிக்குப் போகும் பஸ்கள் பலகையில் எழுதியிருக்கும் நேரம். இரண்டாவதில் அவை மூன்று நாளும் உண்மையில் கிளம்பிய நேரம். மூன்றாவதில் பெண்கள் பக்கம் உட்கார இடம் இருந்ததா, இல்லையா. நாலாவதில் குறிப்பு.

"ஏழு பத்துக்கு இங்க ஒண்ணாம் நம்பர் பிடிச்சா ஏழரைக்குச் சத்திரம்," என்றார். "ஏழு நாப்பதை நம்பலாம். ஏழு அம்பத்தஞ்சை நம்பாதே. மூணு நாளும் லேட். டிரைவர் இட்லி சாப்பிட்டுட்டு வரான்."

மனைவி தாளைக் கையில் எடுக்காமல், வைத்த இடத்திலேயே குனிந்து படித்தாள்.

"சாயங்காலம்?" என்று கேட்டாள் அம்மா.

"அதுக்கு நாளைக்கு துவாக்குடிக்கே போய் நின்னு பாத்துட்டு வரேன். இங்கேருந்துண்டு சொல்ல முடியாது."

"விளக்கேத்தற நேரத்துக்கு…" என்று ஆரம்பித்த அம்மா, அப்பாவையும் தாளையும் பார்த்துவிட்டு, "மழைக்காலம் வரது. போறச்சே குடை எடுத்துக்கச் சொல்லுங்கோ," என்று முடித்தாள்.

நான் பேசுவதற்காகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் தேவைப்படவில்லை.

மனைவி விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டாள். "ஏழு நாப்பதுல ரெண்டாம் நாள் இடம் இல்லைன்னு போட்டிருக்கேளே மாமா?"

"அன்னிக்கு முகூர்த்த நாள்," என்றார் அப்பா. "ஆனா திருவெறும்பூர்ல பாதிப்பேர் இறங்கிடறா. கண்டக்டரைக் கேட்டேன். அதுவரைக்கும் நின்னுண்டு போகணும்."

"போறேன்," என்றாள்.